சக்கை எங்கே போனது? சீனி, இனிப்பு, நார்ச்சத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. "சீனியை நிறுத்திட்டேன்மா, இப்ப நாட்டுச்சர்க்கரைதான். அதுல நார்ச்சத்து இருக்குல்ல?" என்ற பேச்சோடுதான் பலர் வந்து உட்காருகிறார்கள். நல்ல எண்ணத்தோடு கேட்கிறவர்களுக்கு அரைகுறை பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். சில கேள்விகள் நம் வீட்டு அடுப்படியைப் பற்றியவை, சில நாட்டுக் கணக்கைப் பற்றியவை. இரண்டும் ஒன்றோடொன்று பின்னியே கிடக்கின்றன.

சீனியில் நார்ச்சத்து எவ்வளவு இருக்கிறது?

இல்லை. சீனி என்பது ஏறக்குறைய முழுக்க சுக்ரோஸ். 100 கிராம் சாப்பிட்டாலும் நார் சுழியம்தான்.

வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி? அவையெல்லாம் பழுப்பாக இருக்கின்றனவே?

நிறத்தை வைத்து நாரை எடை போடக்கூடாது. பழுப்பு வருவது சாற்றில் இருக்கும் தாது உப்புகளாலும், காய்ச்சும்போது சர்க்கரை கருகி நிறம் மாறுவதாலும்தான்.

வெல்லம் காய்ச்சும் இடத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கிவிடும். கரும்பை ஆலையில் கொடுத்தால் ஒரு பக்கம் சாறு ஒழுகும், இன்னொரு பக்கம் சக்கை வந்து விழும். சாறு கொப்பரைக்குப் போகும். சக்கை வெயிலில் காய்ந்து, அதே கொப்பரைக்கு அடியில் விறகாகும். கரும்பின் நார் முழுவதும் அந்தச் சக்கையில்தான் இருக்கிறது. பெரிய சர்க்கரை ஆலைகளிலும் இதே கதைதான். 100 கிலோ கரும்பு அரைத்தால் ஏறக்குறைய 30 கிலோ ஈரச் சக்கை வரும், அதைக் கொதிகலனில் எரிப்பார்கள். கொப்பரையில் மிதக்கும் அழுக்கைப் பிரிக்கச் சுண்ணாம்போ வெண்டைச் செடியின் கொழகொழப்போ சேர்த்து, நுரையை வழித்து எடுத்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் பிறகு அச்சில் ஊற்றும் பாகில் நார் என்று சொல்லும்படி எதுவும் மிஞ்சாது.

கருப்பட்டியும் அப்படித்தான். பதநீர் மரத்திலிருந்து நீராகவே இறங்குகிறது, அதை வடிகட்டிக் காய்ச்சுகிறார்கள். பனையில் நார் வேண்டுமென்றால் பனங்கிழங்கைத் தின்ன வேண்டும். தைப் பிறப்பையொட்டித் தெருவில் விற்கும் அந்தக் கிழங்கை வேகவைத்து உரித்தால் கையில் சிக்குகிறதே, அதுதான் நார்.

வெல்லத்திலும் கருப்பட்டியிலும் சீனியில் இல்லாத தாது உப்புகள் கொஞ்சம் உண்டு, மணமும் உண்டு. அதற்காக வாங்குங்கள், எனக்கு மறுப்பில்லை. நாருக்காக வாங்காதீர்கள்.

நாட்டு அளவில் சீனி, வெல்லம் வழியாகக் கிடைக்கும் நார்ச்சத்து கூடுகிறதா, குறைகிறதா?

அன்றும் சுழியம், இன்றும் சுழியம். வேகமாக மாறியிருப்பது நாம் தின்னும் சீனியின் அளவுதான்.

1950-51இல் இந்தியாவின் ஆலைச் சர்க்கரை உற்பத்தி சுமார் 11 லட்சம் டன். அன்றைய 36 கோடி மக்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு ஆண்டுக்கு 3 கிலோ. அந்தக் காலத்தில் வெல்லம்தான் அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விளைந்த கரும்பில் பெரும் பகுதி வெல்லத்துக்கும், சிறு பட்டறைகளில் திறந்த கொப்பரையில் காய்ச்சும் கண்டசாரிச் சர்க்கரைக்குமே போனது. இன்று ஆலைச் சீனி மட்டும் தலைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 20 கிலோ செலவாகிறது. வீட்டில் வாங்குவது மட்டுமல்ல, டீக்கடை, இனிப்புக்கடை, பிஸ்கட், குளிர்பானம் எல்லாம் இதில் அடக்கம்.

20 கிலோ என்றால் நாளுக்கு 55 கிராம், சுமார் 220 கலோரி. 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு இதிலேயே ஒன்பதில் ஒரு பங்கு நிரம்பிவிடுகிறது, ஆனால் அவருக்கு வேண்டிய நாரில் ஒரு இழைகூட வந்து சேரவில்லை. அதே 220 கலோரியைக் கம்பிலிருந்து எடுத்திருந்தால் 60 கிராமுக்குச் சற்று மேல் கம்பு, அதோடு 7 கிராம் நார். சீனி இருந்த நாரைப் பிடுங்குவதில்லை. நார் வந்திருக்க வேண்டிய இடத்தில் தான் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நார் வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது. நம் நாட்டுப் பரிந்துரை 2000 கலோரி உணவுக்குச் சுமார் 30 கிராம். சீனி, தேன், பழச்சாறு போன்றவற்றின் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று அதே நிறுவனம் 2015இல் சொன்னது.

சில நாடுகள் உணவு வகைவாரியாக நார்க் கணக்கு போடுகின்றனவாமே? அதை எப்படிப் படிப்பது?

ஆமாம். அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டு தொடங்கி, நாட்டுக்குள் கிடைக்கும் உணவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து, அதிலிருந்து வரும் சத்துகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். தானியம், பருப்பு, காய், பழம், சர்க்கரை என்று ஒவ்வொன்றும் தனிப் பத்தி. முறை எளிது: தலைக்குக் கிடைக்கும் எடையை 100 கிராமுக்கு உள்ள நாரால் பெருக்க வேண்டும். வெறும் சர்க்கரையும் பாகும் மட்டும் இருக்கிற பத்தியில் எதைப் பெருக்கினாலும் ஒன்றும் வராது.

பிரிட்டனில் சர்க்கரை, ஜாம், மிட்டாய், சாக்லேட் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. அப்போது அந்தக் கூடைக்கும் மிகச் சிறிய ஒரு பங்கு நார் கணக்காகும். அது சர்க்கரை தந்ததல்ல. ஜாமில் இருக்கும் பழமும், சாக்லேட்டில் இருக்கும் கோகோவும் கொட்டையும் தந்தது. கோகோத் தூளில் எடைக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நார்தான்.

ஆகவே "இனிப்பு வகை தரும் நார் கூடியிருக்கிறது" என்று எங்காவது படித்தால், அந்தக் கூடைக்குள் என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

இந்தியாவின் கணக்கில் நம் இனிப்புகள் எங்கே வருகின்றன?

இதுதான் எனக்கு உறுத்தலான இடம். குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் சீனி, வெல்லம், கற்கண்டு, தேன் எல்லாம் ஒரு பக்கம். கடையில் செய்து விற்கும் இனிப்பு, கேக் வகைகள் பானங்களோடும் பதப்படுத்திய உணவோடும் சேர்ந்து இன்னொரு பக்கம். வீட்டில் செய்த எள்ளுருண்டையோ எள் ஒரு வரிசையிலும் வெல்லம் ஒரு வரிசையிலுமாகப் பிரிந்துவிடும். அதே கணக்கெடுப்பை வைத்து வெளியிடும் ஊட்டச்சத்து அறிக்கை கலோரி, புரதம், கொழுப்பு மூன்றைத்தான் பேசுகிறது. நாருக்கு அதில் இடமே இல்லை. 10 கோடிக்கு மேற்பட்டவர்கள் சர்க்கரை நோயோடு இருக்கிறார்கள் என்று 2023இல் தெரியவந்த நாட்டில், நாரையும் ஒரு பத்தியாகச் சேர்ப்பது அவசியம் என்று நான் நினைக்கிறேன்.

இருக்கிற எண்களே ஓரளவு சொல்கின்றன. கிராமத்தில் ஒருவர் மாதம் சாப்பிட்ட தானியம் 1993-94இல் சுமார் 13.4 கிலோ, 2011-12இல் 11.2, 2022-23இல் 9.6. கிராமக் குடும்பச் செலவில் தானியத்தின் பங்கு 1999-2000இல் சுமார் 22 சதவீதமாக இருந்து, 2022-23இல் 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. பானமும் பதப்படுத்திய உணவும் கிராமத்தில் 10 சதவீதத்தை ஒட்டியும், நகரத்தில் அதைத் தாண்டியும் நிற்கின்றன.

தானியத்தின் எடையைவிட எந்தத் தானியம் என்பதே பெரிய விஷயம். மாதம் 9.6 கிலோ என்றால் நாளுக்கு 320 கிராம். அது முழுக்கத் தீட்டிய வெள்ளை அரிசியானால் நார் 9 கிராம். முழுக்கக் கம்பானால் 36 கிராமுக்கு மேல். யாரும் முழுக்கக் கம்பையே தின்னப் போவதில்லை. நம் பாட்டிமார் தட்டுக்கும் நம் தட்டுக்கும் இருக்கிற தூரம் தெரியட்டும் என்றுதான் இந்தக் கணக்கு.

பழைய புத்தகத்தில் கேழ்வரகில் நார் 3.6 என்று இருக்கிறது, இப்போது 11 என்கிறார்கள். கேழ்வரகு மாறிவிட்டதா?

கேழ்வரகு அப்படியேதான் இருக்கிறது, அளக்கும் முறைதான் மாறியது. முன்பு அமிலத்திலும் காரத்திலும் கொதிக்க வைத்து, மிஞ்சியதை மட்டும் 'கச்சா நார்' என்று எழுதினார்கள். அந்தக் கொதியில் உண்மையான நாரிலேயே பெரும்பகுதி கரைந்துபோகும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் மொத்த நார்ச்சத்தை அளந்து தந்திருக்கிறார்கள். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே கோட்டில் வைத்து "நார் மூன்று மடங்காகிவிட்டது" என்று யாராவது படம் வரைந்தால் நம்பாதீர்கள்.

பருத்திப்பாலில் நார் உண்டா? விதையிலிருந்துதானே எடுக்கிறார்கள்?

மதுரைக்காரர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி இது. பருத்திக்கொட்டையை முந்தின இரவே ஊறப்போட்டு, காலையில் ஆட்டுவார்கள். ஆட்டியதைத் துணியில் கட்டிப் பிழிந்தால் வெண்மையாகப் பால் இறங்கும். தண்ணீர் தெளித்து மறுபடி ஆட்டி, இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று எடுப்பார்கள். கடைசியில் துணிக்குள் கறுப்பும் பழுப்புமாய் ஒரு கட்டி நிற்கும். பாலில் பச்சரிசி மாவு கரைத்து, கருப்பட்டியோ வெல்லமோ பாகு காய்ச்சி ஊற்றி, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டுக் கிண்டுவார்கள். மேலே தேங்காய்ப்பூ.

கொட்டையின் நார் அந்தத் துணிக்குள் நின்ற கட்டியோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விட்டது. தம்ளரில் இருப்பது பாலும் மாவும் இனிப்பும். நார் என்று உங்கள் பல்லில் படுவது அந்தத் தேங்காய்ப்பூ மட்டுமே.

கோதுமை அல்வாவும் இதே பாதைதான். கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் எடுத்து, தவிட்டுத்தோலை வடிகட்டி வெளியே போட்டுவிட்டுத்தான் கிண்டுகிறோம். "கோதுமை அல்வாதானே, நல்லதுதானே" என்று கேட்டால் நான் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜிகர்தண்டாவில்?

இங்கே கதை வேறு. ஜிகர்தண்டாவில் கெட்டியாகக் கொழகொழவென்று வருகிறதே பாதாம் பிசின், அது நார்ச்சத்து வகையைச் சேர்ந்ததுதான். சில கடைகளில் போடும் கடல்பாசியும் அப்படியே. நம் குடல் செரிக்க முடியாத, தண்ணீரை இழுத்துப் பிடித்து உப்பும் சர்க்கரைச் சங்கிலி அது.

வீட்டில் செய்து பாருங்கள். நாலைந்து துண்டு பிசினைப் பெரிய கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி இரவு வையுங்கள். படுக்கப் போகும்போது கல்கண்டு மாதிரி அடியில் கிடக்கும். விடிந்து பார்த்தால் கிண்ணம் நிறையக் கண்ணாடிப் பஞ்சு போல உப்பி நிற்கும். நடுவில் மரப்பட்டைத் துணுக்கு ஏதும் இருந்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

ஆனால் அளவைப் பாருங்கள். உப்பியதில் மிகப் பெரும்பகுதி தண்ணீர். ஒரு தம்ளரில் விழும் பிசினைக் காய்ந்த எடையில் சொன்னால் ஒன்றிரண்டு கிராமைத் தாண்டாது. அதோடு சுண்டிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் எல்லாம் சேர்கின்றன. விளக்குத்தூண் பக்கம் போகும்போது ஆசைக்கு ஒன்று குடியுங்கள், அதை நார்ச்சத்து மருந்தாக நினைக்காதீர்கள்.

எந்த இனிப்பில்தான் உண்மையாக நார் இருக்கிறது?

முழு விதையையோ முழுத் தானியத்தையோ பிழியாமல், வடிகட்டாமல் வெல்லத்தோடு சேர்க்கும் எதிலும் இருக்கும்.

கடலை மிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. கடலையில் 100 கிராமுக்கு 10 கிராம் நார். மிட்டாயில் மூன்றில் இரண்டு பங்கு கடலை என்று வைத்தால் 25 கிராம் துண்டு ஒன்றில் ஒன்றரை கிராமுக்கு மேல் கிடைக்கும். எள்ளில் இன்னும் கூடுதல், 100 கிராமுக்கு 17. அதனால் எள்ளுருண்டை கடலை மிட்டாயையும் முந்தும். சுசியத்துக்குள் இருக்கும் கடலைப்பருப்புப் பூரணம் (பருப்பில் 15), கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்ட உளுந்தங்களி (தோல் நீக்கிய உளுந்திலேயே 12), கேப்பை உருண்டை, கம்பு உருண்டை இவையும் உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழமும் பேரீச்சையும் கொஞ்சம் தருகின்றன, ஆனால் சர்க்கரை நிறைய.

என் அம்மா பொரிவிளங்காய் உருண்டை பிடிப்பாள். பாசிப்பயறையும் புழுங்கலரிசியையும் தனித்தனியாக வறுத்துத் திரித்து, பாகு சூடு ஆறுவதற்குள் உள்ளங்கை சிவக்கச் சிவக்க அழுத்திப் பிடிக்க வேண்டும். கல் மாதிரி இருக்கும். எங்கள் வீட்டுக் குழந்தைகள் அதை ஒரு மாலை முழுக்க வாயில் ஒதுக்கி ஊறவைத்துக்கொண்டே திரிந்தோம். ஒன்றுக்கு மேல் யாராலும் தின்ன முடிந்ததில்லை. நார் இருக்கிற இனிப்பு, மெல்ல நேரம் எடுக்கும், சீக்கிரம் போதும் என்று சொல்ல வைக்கும். பால்பன் அப்படியில்லை. மைதாவைப் பொரித்துப் பாகில் போட்டது, வாயில் வைத்தவுடன் கரைந்து போய் அடுத்ததற்குக் கை நீளும். மைதாவில் நார் 3 கிராமுக்கும் குறைவு, முழுக் கோதுமை மாவில் 11.

பால்கோவாவில், மைசூர்பாகில்? பால்கோவாவில் இல்லை, பாலில் நார் கிடையாது. மைசூர்பாகில் கடலை மாவு அளவுக்கு உண்டு. ஆனால் நெய்யும் சீனியும் மாவைவிட அதிகமாக இருக்கிற இடத்தில் அதைத் தேடிப் போவதில் பொருளில்லை.

"நார்ச்சத்து நிறைந்தது" என்று அச்சிட்ட பிஸ்கட்டும் மிட்டாயும் வாங்கலாமா?

100 கிராமில் 6 கிராம் நார் இருந்தால் 'நிறைந்தது' என்றும், 3 கிராம் இருந்தால் நாருக்கு 'ஆதாரம்' என்றும் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பொட்டலத்தின் பின்புறம் மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை இரண்டும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். அந்த இரண்டையும் படித்துவிட்டு முன்பக்கத்தைப் பாருங்கள்.

இப்போது வரும் சில பொருள்களில் சிக்கரி வேரிலிருந்து எடுத்த இனுலின் போன்ற நாரைத் தனியாகக் கலக்கிறார்கள். லேசான இனிப்பும் அதற்கு உண்டு. வரும் ஆண்டுகளில் இனிப்பு வகையின் நார்க் கணக்கு கூடினால் அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். ஒரேயடியாக அதிகம் தின்றால் வயிறு உப்பிக்கொள்ளும். நார் வேண்டுமென்றால் அவித்த கொண்டைக்கடலை இருக்கிறது, சுண்டல் இருக்கிறது, கொய்யா இருக்கிறது. பிஸ்கட்டின் வழியே அதைத் தேட வேண்டியதில்லை.

எனக்குச் சர்க்கரை நோய். எள்ளுருண்டையில் நார் இருப்பதால் தைரியமாகச் சாப்பிடலாமா?

கூடாது. நார், குளுக்கோஸ் ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். உருண்டையில் இருக்கும் வெல்லத்தை அது இல்லாமல் ஆக்கிவிடாது. ஒரு சிறு உருண்டை, அதுவும் சாப்பாட்டோடு சேர்த்து, உங்கள் மருத்துவர் சம்மதித்திருந்தால் மட்டும். வெறும் வயிற்றில் டீயோடு வேண்டாம். எள்ளின் நன்மை வேண்டுமென்றால் வெல்லமே இல்லாமல் எள்ளுப்பொடியாகத் திரித்து இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

பொங்கலுக்குக் கரும்பு கடித்தால் நார் கிடைக்காதா?

கிடைக்காது, சக்கையைத் துப்பிவிடுகிறோமே. மேலூர்ப் பக்கத்துச் செங்கரும்பைக் கடித்துச் சாற்றை விழுங்கும்போது நம் பல்லே ஆலையாகிவிடுகிறது. பொங்கல் பரிசுத் தொகுப்பில் அரிசி, சீனி, முழுக் கரும்பு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். அதில் நார் மிகுந்த ஒரே பொருளை நாம் வாசலில் துப்பிவிடுகிறோம். தின்பதற்காக உள்ள நாரல்ல அது, துப்பத்தான் வேண்டும். அதனால் அன்றைய பொங்கல் பானையிலாவது தீட்டாத அரிசியோ, சாமையோ, வரகோ கொஞ்சம் சேருங்கள். பாசிப்பருப்பைக் கூடுதலாகப் போடுங்கள், வெல்லத்தை ஒரு கைப்பிடி குறையுங்கள். ருசி கெடாது, நான் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

அப்படியென்றால் பருத்திக்கொட்டைச் சக்கையைத் தூக்கிப் போடாமல் நாமே சாப்பிடலாமா?

வேண்டாம். எந்தச் சக்கையைச் சாப்பிடலாம், எதை விட வேண்டும் என்பதில் நம் முன்னோர் கவனமாக இருந்திருக்கிறார்கள். பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. சூட்டில் அதன் வீரியம் குறையும், அதனால்தான் பாலை நன்றாகக் கொதிக்க வைத்துக் கிண்டுகிறோம். அசைபோடும் மாடு அதைத் தாங்கும், மனிதக் குடல் அப்படித் தாங்காது. சக்கை மாட்டுக்கே போகட்டும். வீட்டில் தேங்காய்ப்பால் எடுத்தபின் மிஞ்சும் தேங்காய்ச் சக்கையை மட்டும் எறியாதீர்கள். நாரெல்லாம் அதில்தான் நிற்கிறது. லேசாக வறுத்துப் பொரியலில் தூவலாம், பொடியில் சேர்க்கலாம், அடை மாவில் கலக்கலாம்.